சிறைகளில் பாலினக் கொள்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவரைச் சிறையில் அடைத்த நொடியிலிருந்து அவர் எங்கே உறங்குவார், யாரோடு அறையைப் பகிர்வார், எங்கே குளிப்பார், அவர் உடலை யார் சோதிப்பார் என்பதையெல்லாம் அரசே தீர்மானிக்கிறது. வெளியே இருக்கும் எவரும் தமக்கு ஆபத்து என்று தோன்றும் இடத்திலிருந்து எழுந்து போய்விடலாம். சிறைவாசிக்கு அந்த வழி கிடையாது. கீழே உள்ள கேள்விகள் எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளம்புகின்றன.

விவாதம் எதைப் பற்றியது?

சிறைகள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக உள்ளன. ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழும் திருநங்கை ஒருவர் தண்டனை பெற்றால் அவரை எந்தச் சிறைக்கு அனுப்புவது என்பதுதான் நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றங்களிலும் பெரிதாகப் பேசப்படும் கேள்வி. ஆண் சிறையில் அவர் தாக்கப்படுவார் என்பது ஒரு தரப்பின் அச்சம். பெண் சிறையில் அவரோடு அடைக்கப்படும் பெண்கள் என்ன ஆவார்கள் என்பது மறு தரப்பின் அச்சம். இரண்டு அச்சங்களுக்கும் ஆதாரம் உண்டு, இரண்டுமே நீதிமன்ற ஆவணங்களில் பதிவாகியுள்ளன. இதைத் தொடர்ந்து உடல் சோதனை, மருத்துவம், தனி அறை, பதிவேட்டில் எழுதும் பெயர் எனப் பல கேள்விகள் எழுகின்றன.

‘பால்’, ‘பாலினம்’ என்ற சொற்களை எப்படிப் புரிந்துகொள்வது?

‘பாலினம்’ என்ற ஒரே சொல் தமிழில் உடல்சார்ந்த வேறுபாட்டையும் சமூக அடையாளத்தையும் சேர்த்தே குறித்துப் புழங்குவதால் இந்த விவாதத்தில் குழப்பம் எளிதில் வருகிறது. இங்கே ‘பிறப்புப் பால்’ என்பது பிறக்கும்போது உடலை வைத்துப் பதியப்பட்டதையும், ‘பாலின அடையாளம்’ என்பது ஒருவர் தம்மை யாராக உணர்ந்து வாழ்கிறார் என்பதையும் குறிக்கும். இவ்விரண்டும் வேறுபடும் அனைவரையும் ‘திருநர்’ என்ற சொல் உள்ளடக்கும்.

சிறைகளை ஆண், பெண் என்று பிரிக்கும் வழக்கம் எப்படி வந்தது?

இது இயல்பாக அமைந்ததன்று. போராடிப் பெறப்பட்ட சீர்திருத்தம். சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃபிரை 1813ஆம் ஆண்டில் லண்டனின் நியூகேட் சிறைக்குள் சென்றபோது, பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும் நெரிசலில் கிடந்த நிலையைக் கண்டு அதை வெளியுலகுக்குச் சொன்னார். அவரைப் போன்றோர் ஆண்டுக்கணக்கில் உழைத்ததன் விளைவாக, பெண் கைதிகளைப் பிரித்து வைத்து அவர்களைப் பெண் காவலர்களே மேற்பார்க்க வேண்டும் என்று 1823ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் வகுத்தது. அமெரிக்காவில் வயதுவந்த பெண்களுக்கென்றே முதல் தனிச் சிறை 1873இல் இண்டியானாவில் திறக்கப்பட்டது. பொதுச் சிறையில் காவலர்களாலேயே பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஐக்கிய நாடுகள் அவை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளிலும் இந்தக் கொள்கை தொடர்கிறது. ஆண்களும் பெண்களும் இயன்றவரை தனி நிறுவனங்களில் வைக்கப்பட வேண்டும் என்று 11ஆம் விதியும், பெண் சிறைவாசிகளைப் பெண் அலுவலர்களே கண்காணிக்க வேண்டும் என்று 81ஆம் விதியும் கூறுகின்றன. அதே தொகுப்பின் 7ஆம் விதி, சிறைவாசியின் விவரங்களைப் பதியும்போது அவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள பாலின உணர்வை மதிக்கச் சொல்கிறது. இந்த மூன்று விதிகளும் ஒன்றோடொன்று உரசும் நேரத்தில் எதற்கு முன்னுரிமை என்பதை அந்தத் தொகுப்பு சொல்லவில்லை. விவாதத்தின் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

ஆண் சிறையில் திருநங்கைக்கு என்ன நேர்கிறது?

இந்தக் கேள்வி சட்ட வரலாற்றில் அழுத்தமாகப் பதிந்தது டீ ஃபார்மர் வழக்கில். மார்பக அறுவை செய்துகொண்டு பெண்ணாக வாழ்ந்த இந்தத் திருநங்கை, 1989இல் இண்டியானாவின் டெர்ரே ஹாட் என்ற இடத்திலுள்ள உயர்பாதுகாப்பு ஆண் சிறைக்கு மாற்றப்பட்டு, அங்கே பொதுவாக அடைக்கப்பட்ட இரண்டு வாரங்களுக்குள் தாம் வன்புணர்வுக்கு ஆளானதாக வழக்குத் தொடர்ந்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994இல் அளித்த தீர்ப்பு, சிறையில் தாக்கப்படுவது குற்றத்துக்கு விதிக்கப்பட்ட தண்டனையின் பகுதி ஆகாது என்றது. கடுமையான ஆபத்து இருப்பதை அறிந்தும் அதிகாரி அதைப் பொருட்படுத்தாமல் விட்டால், அது அரசமைப்பின் 8ஆம் திருத்தம் தடைசெய்யும் கொடிய தண்டனையாகும். இதில் ஒரு பின்னலும் உண்டு: அதிகாரிக்கு ஆபத்து உண்மையிலேயே தெரிந்திருந்தது என்பதைச் சிறைவாசி நிறுவ வேண்டும். நான்கு சுவர்களுக்குள் இருப்பவருக்கு அது எளிய காரியமன்று.

எண்களும் இதே திசையைக் காட்டுகின்றன. வேலரி ஜென்னஸ் தலைமையில் கலிஃபோர்னியா ஆண் சிறைகளில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறைவாசிகளில் 4.4 விழுக்காட்டினர் சிறைக்குள் பாலியல் தாக்குதலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். திருநங்கையரில் அந்த அளவு 59 விழுக்காடு. ஆய்வில் பங்கேற்ற திருநங்கையர் 39 பேர்தான் என்பதால் இதை எல்லாச் சிறைகளுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தற்செயல் என்று ஒதுக்கவும் முடியாது. இங்கிலாந்தில் 2015 நவம்பரில் ஆண் சிறைகளில் இரண்டு திருநங்கையர் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்நாட்டின் கொள்கை மறுபரிசீலனைக்கு உள்ளானதும், அடுத்த ஆண்டில் புதிய கொள்கை வந்ததும் அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் பெண் சிறைவாசிகளின் எதிர்ப்பு வெறுப்பிலிருந்து வருவதா?

இல்லை. இந்த எதிர்ப்பை வெறுப்பு என்று முத்திரை குத்தி ஒதுக்குவது, விவாதத்தில் நிகழ்ந்த பெரிய தவறுகளில் ஒன்று என்றே இதை எழுதுபவர் கருதுகிறார். பெண் சிறைகளில் இருப்பவர்கள் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். உலகெங்கும் சிறைவாசிகளில் பெண்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இங்கிலாந்தில் நூற்றுக்கு நான்கு பேர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். ஸ்டையல் சிறையில் ஓராண்டுக் காலத்தில் ஆறு பெண்கள் இறந்ததைத் தொடர்ந்து ஜீன் கார்ஸ்டன் 2007இல் அளித்த அறிக்கை, அந்நாட்டுப் பெண் சிறைவாசிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் குடும்ப வன்முறைக்கும், மூன்றில் ஒருவர் பாலியல் வன்முறைக்கும் ஆளானவர்கள் என்று எடுத்துரைத்தது. அந்த வன்முறையைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே.

இத்தகைய அனுபவம் உடலில் என்ன செய்யும் என்பதை ஒரு வழக்கு காட்டியது. அதில் திருநர் எவரும் சம்பந்தப்படவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பெண் சிறையில், ஆண் காவலர்கள் பெண்களை ஆடைக்கு மேலாகத் தடவிச் சோதிக்கலாம் என்று 1989இல் விதி வந்தது. சோதனைக்கு உட்படுத்தப்பட்ட ஒரு பெண், சிறைக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டார். அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது. அறைக்குத் திரும்பியதும் வாந்தி எடுத்தார். 1993இல் ஜோர்டன் எதிர் கார்ட்னர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பாலியல் வன்முறையைச் சந்தித்த பெண்களிடம் இந்தச் சோதனை உண்டாக்கும் வேதனை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சோதித்தவர் கெட்ட எண்ணத்தோடு நடந்தாரா என்பது அங்கே முக்கியமாகக் கருதப்படவில்லை. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததே போதுமான காரணமாயிற்று.

இந்தப் பின்னணியில்தான் 2017இல் இங்கிலாந்தின் நியூ ஹால் பெண் சிறையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். தம்மைப் பெண் என்று அறிவித்த ஒரு விசாரணைக் கைதி அங்கே அனுப்பப்பட்டார். அவருக்கு முன்பே பாலியல் குற்றத் தண்டனை இருந்தது. அங்கே இரு பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்ததை அவர் ஒப்புக்கொண்டார். பழைய வன்புணர்வுக் குற்றங்களுக்கும் சேர்த்து 2018இல் ஆயுள் தண்டனை பெற்றார். அவருடைய முந்தைய குற்றப் பதிவு உரிய முறையில் கணக்கில் கொள்ளப்படவில்லை என்று அரசு மன்னிப்புக் கேட்டது. அவரை அனுப்பும் முன் கோப்பைச் சரியாகப் படித்திருந்தால் இது நடந்திருக்காது. ஒரு சமூகம் முழுவதற்கும் இந்த ஒருவரின் குற்றத்தைச் சுமத்துவது நியாயமாகாது. அந்த இரு பெண்களுக்கு நேர்ந்ததை விதிவிலக்கு என்று சொல்லிக் கடந்து போவதும் நியாயமாகாது.

எண்களை வைத்து இதைத் தீர்த்துவிட முடியாதா?

முயன்றிருக்கிறார்கள். 2021 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில், திருநர் சிறைவாசிகளை எங்கே வைப்பது என்பது குறித்த 2019ஆம் ஆண்டுக் கொள்கையை ஒரு பெண் சிறைவாசி எதிர்த்திருந்தார். 2016 முதல் 2019 வரை பெண் சிறைகளில் பதிவான 97 பாலியல் தாக்குதல்களில் 7, பாலின அங்கீகாரச் சான்றிதழ் (பாலின மாற்றத்தைச் சட்டப்படி ஏற்கும் சான்று) பெறாத திருநர் சிறைவாசிகளால் செய்யப்பட்டவை எனத் தோன்றுவதாக அங்கே முன்வைக்கப்பட்டது. பெண் சிறைகளில் அவர்களின் எண்ணிக்கை மிகச் சிறியது என்பதால் 7 என்பது விகிதத்தில் அதிகம் என்பது ஒரு வாதம். 90 தாக்குதல்களுக்கு வேறு யாரோ காரணம் என்பது எதிர்வாதம். இவ்வளவு சிறிய எண்களிலிருந்து பொது முடிவுகளை எடுப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்றார்கள் நீதிபதிகள்.

அந்தத் தீர்ப்பு இன்னொரு காரணத்துக்காகவும் கவனிக்கத்தக்கது. ஆணின் உடலமைப்புக் கொண்ட ஒருவரோடு அடைக்கப்படும் பெண்களுக்கு அச்சமும் கடும் பதற்றமும் ஏற்படக்கூடும் என்பதை நீதிமன்றம் வெளிப்படையாக ஏற்றது. பின்னர், திருநர் சிறைவாசிகளின் உரிமையையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது என்றும், ஒவ்வொருவரையும் தனித்தனியே மதிப்பிடச் சொல்லும் கொள்கை சட்டத்துக்கு உட்பட்டது என்றும் கூறி மனுவைத் தள்ளியது. ஒரு தரப்பின் வலியை மெய்யென்று ஒப்புக்கொண்டு, அவர்களுக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்வது நேர்மையான செயல். ஆனால் அந்தப் பெண்களுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பது வேறு.

ஸ்காட்லாந்தில் 2023இல் என்ன நடந்தது?

இரண்டு பெண்களை வன்புணர்ந்த குற்றத்தில் அந்த ஆண்டு ஜனவரியில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்ட ஒருவர், வழக்கு நிலுவையில் இருந்தபோது தம்மைப் பெண்ணாக அடையாளப்படுத்தத் தொடங்கியிருந்தார். மதிப்பீட்டுக்காக அவரை முதலில் கார்ன்டன் வேல் பெண் சிறைக்குக் கொண்டுபோய் மற்றவர்களிடமிருந்து பிரித்து வைத்தார்கள். நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பில், சில நாட்களுக்குள் அவர் ஆண் சிறைக்கு மாற்றப்பட்டார். பாலின அடையாளத்தைச் சட்டப்படி மாற்றுவதை எளிதாக்கும் மசோதாவை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதற்கு முந்தைய மாதம்தான் நிறைவேற்றியிருந்தது. பிரித்தானிய அரசு அதைத் தடுத்திருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் சிறை நிர்வாகக் கேள்வி ஓர் அரசியல் போராக மாறிவிட்டது.

இங்கிலாந்தும் வேல்ஸும் 2023 பிப்ரவரியில் கொள்கையைக் கடுமையாக்கின: ஆண் பிறப்புறுப்பு உள்ள திருநங்கையரும், பாலியல் அல்லது வன்முறைக் குற்றம் புரிந்த திருநங்கையரும் அமைச்சரின் சிறப்பு விலக்கு இல்லாமல் பொதுப் பெண் சிறையில் வைக்கப்பட மாட்டார்கள். பிறகு 2025 ஏப்ரல் 16 அன்று பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்ற சொல் பிறப்புப் பாலையே குறிக்கிறது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கு ஸ்காட்லாந்துப் பொது வாரியங்களில் பெண்களின் இடங்களைப் பற்றியது. ஆனால் சிறை உட்பட, பாலின அடிப்படையில் பிரிக்கப்பட்ட எல்லா இடங்களையும் அதன் தாக்கம் தொடுகிறது. திருநருக்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்யும் பிரிவு அப்படியே நீடிக்கிறது என்பதையும் அதே தீர்ப்பு கூறியது. அந்தப் பகுதி பரவலாகப் பேசப்படவில்லை.

அமெரிக்காவின் நிலை என்ன?

அங்கே ஊசல் இரு பக்கமும் பலமாக ஆடியிருக்கிறது. சிறை வன்புணர்வை ஒழிப்பதற்கான சட்டம் 2003இல் வந்தது. அதன்கீழ் 2012இல் வெளியான விதிகள், திருநர் சிறைவாசி ஒவ்வொருவரின் இருப்பிடத்தையும் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும், ஆண்டுக்கு இருமுறையாவது மறுபரிசீலிக்க வேண்டும், பாதுகாப்பு குறித்த அவருடைய சொந்தக் கருத்துக்கு உரிய எடை தர வேண்டும், தனியாகக் குளிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று கூறின. இதற்கும் ஒரு படி மேலே சென்றது கலிஃபோர்னியா: 2021 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், அடையாளத்துக்கேற்ற சிறையைக் கோரும் உரிமையைத் தந்தது, பாதுகாப்புக் காரணம் இருந்தால் மட்டும் நிர்வாகம் மறுக்கலாம். அதே ஆண்டில் பெண் சிறைவாசிகள் சிலர் அந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள்.

2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை, பிறப்பில் ஆணான எவரையும் கூட்டாட்சிப் பெண் சிறைகளில் வைக்கக் கூடாது என்றது. பாலின மாற்ற மருத்துவத்துக்குக் கூட்டாட்சி நிதியையும் நிறுத்தச் சொன்னது. வழக்குத் தொடர்ந்த திருநங்கையரை ஆண் சிறைக்கு மாற்றுவதை தலைநகர் வாஷிங்டனிலுள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் பிப்ரவரியில் தற்காலிகமாகத் தடுத்தது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடர்ந்த நால்சா வழக்கில், அறுவை சிகிச்சை எதையும் நிபந்தனையாக வைக்காமல் ஒருவர் தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமையை ஏற்று, மூன்றாம் பாலினத்துக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது. 2022 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுறுத்தல், திருநங்கையருக்கும், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பியருக்கும் தனித்தனி அடைப்பிடங்கள், தனிக் கழிப்பறை, தனிக் குளியலறை ஆகியவை வேண்டும் என்றும், அந்தப் பிரிவினை அவர்களை முற்றிலும் ஒதுக்கிவைப்பதாக ஆகிவிடக் கூடாது என்றும் கூறியது. மேற்கத்திய விவாதம் ‘ஆண் சிறையா, பெண் சிறையா’ என்ற இரண்டுக்குள்ளேயே சுழலும்போது, மூன்றாவது ஓர் இடத்தை எண்ணிப் பார்க்கும் சட்ட மொழி இங்கே இருக்கிறது. ஆனால் அறிவுறுத்தல் என்பது கட்டடம் ஆகாது. அதைச் செயலாக்குவது ஒவ்வொரு மாநிலச் சிறைத்துறையின் கையிலும் நிதியிலும் இருக்கிறது.

தனிப் பிரிவு அமைத்தால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

கேட்டவுடன் நியாயமாகத் தோன்றும் வழி இதுதான். இங்கிலாந்தில் டவுன்வியூ பெண் சிறை வளாகத்திலேயே 2019இல் திருநங்கையருக்கென ஒரு தனிப் பகுதி திறக்கப்பட்டது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலமும் வழக்கு ஒன்றின் சமரசத்தில் தனிப் பிரிவுகளுக்கு ஒப்புக்கொண்டது. இரு தரப்பின் அச்சத்தையும் ஒரே நேரத்தில் குறைக்கக்கூடிய ஏற்பாடு என்ற வகையில் இதற்கு மதிப்பு உண்டு.

சிக்கல் எண்ணிக்கையில் தொடங்குகிறது. ஒரு பெரிய மாநிலத்தில் ஐம்பது திருநர் சிறைவாசிகள் பல ஊர்களில் சிதறி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அனைவரையும் ஓரிடத்தில் சேர்த்தால் பலர் தம் குடும்பத்திலிருந்தும் வழக்கறிஞரிடமிருந்தும் வெகுதூரம் போய்விடுவார்கள். சேர்க்காவிட்டால், ஒவ்வொரு சிறையிலும் ஒருவர் அல்லது இருவர் மட்டும் இருக்கும் ‘தனிப் பிரிவு’ நடைமுறையில் தனிமைச் சிறையாகிவிடும். நாளொன்றில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பின்றி வைப்பதே தனிமைச் சிறை என்றும், அது 15 நாட்களைத் தாண்டக் கூடாது என்றும் மண்டேலா விதிகள் வரையறுக்கின்றன. பாதுகாப்பு என்ற பெயரில் மாதக்கணக்கில் ஒருவரை அப்படி வைத்திருந்தால், எந்தக் குற்றத்துக்கும் நீதிமன்றம் விதிக்காத தண்டனையை நிர்வாகம் விதித்ததாகவே ஆகும். தனிப் பிரிவில் பணிமனை, வகுப்பு, நூலகம், திறந்தவெளி ஆகியவை கிடைக்கின்றனவா என்பதைக் கேட்காமல் அதைத் தீர்வு என்று அழைக்க முடியாது.

உடல் சோதனையை யார் செய்ய வேண்டும்?

சிறைவாசியிடம் யாரை விரும்புகிறார் என்று கேட்டுப் பதிவு செய்து, அதன்படி நடப்பதே பரவலாக ஏற்கப்படும் முறை. அதோடு சோதனை செய்யும் அலுவலரின் சம்மதமும் கணக்கில் வர வேண்டும். பெண் காவலரும் ஒரு தொழிலாளர்தான். பிறப்புறுப்பை அறிந்துகொள்வதற்காக மட்டும் எவரையும் ஆடை களைந்து சோதிக்கக் கூடாது என்று 2012ஆம் ஆண்டின் அமெரிக்க விதிகள் வகுத்தன. அத்தகைய விதி தேவைப்பட்டது என்பதே, அப்படிப்பட்ட சோதனைகள் எவ்வளவு சாதாரணமாக நடந்தன என்பதைக் காட்டுகிறது.

மருத்துவச் செலவை அரசு ஏற்க வேண்டுமா?

சிறைவாசியால் தாமே மருத்துவரைத் தேடிப் போக முடியாது என்பதால், கடுமையான மருத்துவத் தேவையை அலட்சியப்படுத்துவது அரசமைப்புக்கு முரண் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976லேயே கூறிவிட்டது. ஹார்மோன் சிகிச்சையைத் திடீரென நிறுத்துவது உடலையும் மனத்தையும் பாதிக்கும் என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அறுவை சிகிச்சையில்தான் நீதிமன்றங்கள் பிரிகின்றன. மாசசூசெட்ஸ் சிறைவாசி கோசிலெக்குக்கு அறுவை அளிக்குமாறு இட்ட ஆணையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் ரத்து செய்தது. ஐடஹோ சிறைவாசி எட்மோவுக்கு அறுவை அளிக்குமாறு இட்ட ஆணையை வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் உறுதிசெய்ய, அது அடுத்த ஆண்டு நடந்தது. சிகிச்சையைப் பரிசு என்றோ தண்டனைக் குறைப்பு என்றோ பேசும் வழக்கம் தவறானது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த நோயாளிக்கு இது தேவை என்று அவரைப் பரிசோதித்த தகுதியான மருத்துவர் சொல்கிறாரா?

பெண் சிறைக்குப் போவதற்காகவே பொய்யாக அறிவிப்பவர்களை என்ன செய்வது?

அப்படிச் சிலர் முயலக்கூடும் என்பதை மறுப்பது அறிவுடைமையாகாது. சலுகை இருக்கும் இடத்தில் அதைத் தவறாகப் பயன்படுத்த முனைபவரும் இருப்பார். ஆனால் ஒருவர் நெஞ்சுக்குள் இருப்பது மெய்யா என்று அளக்கும் கருவி எந்தச் சிறையிலும் இல்லை. அதிர்ஷ்டவசமாக, அதை அளக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. ஒருவர் மெய்யாகவே திருநங்கையாக இருந்து, பெண்களிடம் பாலியல் குற்றம் புரிந்தவராகவும் இருக்கலாம். அவரை அந்தப் பெண்களோடு அடைக்கக் கூடாது. எந்தக் குற்றமும் பெண்களுக்கு எதிராகச் செய்யாத, பத்து ஆண்டுகளாகப் பெண்ணாகவே வாழ்ந்த இன்னொருவர், ஆண் சிறையில் அன்றாடம் உயிரச்சத்தோடு இருக்கலாம். இருவரிடமும் கேட்க வேண்டியது ஆபத்தைப் பற்றிய கேள்வி. கைதுக்கு முந்தைய வாழ்க்கை, குற்றத்தின் தன்மை, சிறைக்குள் நடத்தை, உடல்நிலை ஆகியவை அதற்கான சான்றுகள். அவை கோப்பில் இருப்பவை, சரிபார்க்கக்கூடியவை.

திருநம்பியரைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

அவர்களால் மற்றவர்களுக்கு ஆபத்து என்ற செய்தி எழாததால்தான். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவர்களில் பலர், ஆண் சிறையில் தாக்கப்படுவோம் என்ற அச்சத்தால் பெண் சிறையிலேயே இருக்க விரும்புகிறார்கள். பிறப்புப் பாலை மட்டுமே பார்க்கும் விதி, தாடியும் தடித்த குரலும் கொண்ட திருநம்பியைப் பெண் சிறைக்கு அனுப்பும். அடையாளத்தை மட்டுமே பார்க்கும் விதி, அவர் விரும்பாவிட்டாலும் ஆண் சிறைக்கு அனுப்பும். ஒற்றை அளவுகோலின் குறையை இவர்களுடைய நிலை தெளிவாகக் காட்டுகிறது.

பிறப்புப் பால் அல்லது சுய அறிவிப்பு என்று ஒரே விதி வைத்தால் நிர்வாகத்துக்கு எளிதல்லவா?

எளிதுதான். முடிவெடுப்பவர் யோசிக்க வேண்டியதில்லை, பிறகு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. இரண்டு விதிகளும் ஆபத்தை நீக்குவதில்லை. ஒரு பலவீனமான கூட்டத்திடமிருந்து எடுத்து இன்னொரு பலவீனமான கூட்டத்தின் தலையில் வைக்கின்றன. பெண் சிறைவாசிக்கும் திருநங்கைச் சிறைவாசிக்கும் இடையே இதை ஒரு போட்டியாக்கும் பேச்சு, அவர்கள் இருவரையும் நெரிசலான அறைகளில், போதிய காவலர் இல்லாமல், புகார் கொடுத்தால் பழிவாங்கப்படும் நிலையில் வைத்திருக்கும் நிர்வாகத்தைக் கேள்விக்கு அப்பால் நிறுத்திவிடுகிறது. ஒருவருக்கு ஓர் அறை, பூட்டக்கூடிய குளியலறை, இரவில் போதிய காவல் ஆகிய மூன்றும் இருக்கும் சிறையில் இந்த விவாதத்தின் பாதிக் கூர்மை மழுங்கிவிடும். அவற்றுக்குப் பணம் வேண்டும். சட்டத்தில் ஒரு வாக்கியத்தைத் திருத்துவதற்குப் பணம் வேண்டாம்.

தனித்தனியாக மதிப்பிடுவது என்றால் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

முடிவு ஓர் அதிகாரியின் மேசையில் நிற்கக் கூடாது. சிறை அலுவலர், மருத்துவர், உளவியலாளர், குற்றப் பதிவைப் படிக்கத் தெரிந்தவர் ஆகியோர் கொண்ட குழு, சிறைவாசியை நேரில் கேட்டு, காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும். அந்த முடிவு வரும்வரை அவரை எவரோடும் ஒரே அறையில் அடைக்காமல் இருக்கலாம். ஆனால் அந்த இடைக்காலத்துக்கு நாள்கணக்கில் ஒரு வரம்பு வேண்டும். முடிவை எதிர்த்து முறையிட வழி வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை வேண்டும்.

பெரும்பாலான கொள்கைகளில் விடுபட்டிருப்பது, ஏற்கெனவே அந்தச் சிறையில் இருக்கும் பெண்களின் குரல். அவர்களுக்கு மறுப்பாணை அதிகாரம் தர முடியாது. எவரோடு அடைக்கப்பட வேண்டும் என்று எந்தச் சிறைவாசியும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் ஒரு பெண் ‘இந்த அறையில் எனக்கு உறக்கம் வரவில்லை’ என்று சொன்னால், அதைக் குழு கேட்க வேண்டும், அவரை அன்றிரவே வேறு அறைக்கு மாற்ற வழி இருக்க வேண்டும். அந்தப் புகாரைச் சொன்னதற்காக அவருடைய நன்னடத்தைப் பதிவில் ஒரு வரிகூட எழுதப்படக் கூடாது. இதே பாதுகாப்பு, ஆண் சிறையில் பக்கத்து அறைக்காரரைப் பற்றிப் புகார் சொல்லும் திருநங்கைக்கும் அச்சு மாறாமல் கிடைக்க வேண்டும்.